பன்னிரண்டாவது தாள், மூன்றாம் கேள்வி

குப்பையில் எது கிடந்தாலும் எனக்கு அதிர்ச்சி வராது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். பள்ளியில் உரத்தொட்டி ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒற்றைச் செருப்பு ஒன்றும், யாருடையதென்று இன்றுவரை தெரியாத மூக்குக்கண்ணாடி ஒன்றும், ஒரு கடிகூடக் கடிக்காத ஆப்பிள் மூன்றும் எடுத்திருக்கிறேன். முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு வியாழக்கிழமை மதியம், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீட்டிய காகிதத்தைப் பார்த்துத் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் அறிவியல் ஆசிரியன். என் மனைவியும் அதே பள்ளிதான், கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் அவளைக் கணக்கு மிஸ் என்பார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எனக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லாமல் இருந்தது. உரத்தொட்டி வந்ததும் குப்பை சார் ஆகிவிட்டேன். வீட்டில் சொன்னபோது அவள் சிரிக்கக்கூட இல்லை.

"உங்க மேசையைப் பார்த்து நான் அப்பவே வச்ச பேரு அது. பசங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் செங்கல் வைத்து மூன்று தொட்டிகள் கட்டினோம். பள்ளி உணவகத்திலிருந்து தினமும் இரண்டு வாளி காய்கறித் தோல், பழத்தோல், தட்டில் மிஞ்சியது எல்லாம் வந்துவிடும். முதல் தொட்டி பத்தே நாளில் நிரம்பியது. பதினோராம் நாள் நாறியது. சும்மா நாற்றமில்லை, மூக்கைத் துளைத்து மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற நாற்றம். தலைமையாசிரியையின் ஜன்னல் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது என்பதைக் கட்டுவதற்கு முன் நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"சார், நேத்து ஒரு அம்மா என் ரூமுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கிட்டே பேசிட்டுப் போனாங்க. நான்தான் குளிக்கலன்னு நினைச்சிருப்பாங்க. அடுத்த வாரத்துக்குள்ள ஒண்ணு நாத்தம் போகணும், இல்ல தொட்டி போகணும்."

நோய் எனக்குத் தெரிந்ததுதான். ஈரக் குப்பை ஒரு பங்கு போட்டால் உலர்ந்தது இரண்டு பங்கு போட வேண்டும். உலர்ந்த இலை, மரத்தூள், காகிதம் என்று எதுவானாலும் சரி. எங்கள் வளாகத்தில் இருப்பதோ ஒரே மரம். அதுவும் கஞ்ச மரம், நாளைக்கு நாலு இலை உதிர்த்தால் அதிகம். தலைமையாசிரியையிடம் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுச் சாமான் அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"போன முழுப்பரீட்சைப் பேப்பர் கட்டெல்லாம் உள்ள கிடக்கு. அரைப்பரீட்சை முடிஞ்சதும் பழைய பேப்பர்காரருக்குப் போடறதுதான் வழக்கம். இந்தத் தடவை நீங்களே எடுத்துக்குங்க. கழிச்சாச்சுன்னு ரிஜிஸ்டர்ல நான் எழுதிடறேன்."

எங்கள் பள்ளியில் மற்றத் தேர்வுத் தாள்களைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவோம். முழுப்பரீட்சைத் தாள் மட்டும் யார் கண்ணிலும் படாது. ஆசிரியர் திருத்துவார், மதிப்பெண் பட்டியல் போகும், கட்டு சாமான் அறைக்குப் போகும், அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதைத் திறந்து பார்க்கும் ஒரே ஆள் பொட்டலம் மடிக்கிறவர்தான்.

அன்று சாயங்காலம் ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த வருஷத்துப் பேப்பர்?" என்றாள்.

"போன வருஷத்துதான். எட்டாவது, ஒன்பதாவது, எல்லாம் கிடக்கு. பசங்களை வச்சு நாளைக்கே கிழிக்க ஆரம்பிச்சிடலாம்."

கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"கிழிக்கிறதுக்கு முன்னாடி நல்லா நனைச்சுடுங்க. கட்டோட தண்ணில போட்டு ஊற வச்சிட்டா சீக்கிரம் மக்கிடும்ல."

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளில் இவள் என் தொட்டியைப் பற்றி அக்கறையாக ஒரு வார்த்தை பேசியது அன்றுதான். ஆனாலும் ஆசிரியர் புத்தி விடுமா? பிரச்சினையே ஈரம்தான், காகிதத்தை நனைத்தால் காரியமே கெட்டுவிடும், காய்ந்ததைக் கிழித்துத்தான் போட வேண்டும் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது பீன்ஸில் உப்பே இல்லை. அது ஏன் என்றுகூட நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் என்னை என்னவென்று திட்டுவீர்களோ தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை. கடைசி இரண்டு பாடவேளைக்கும் எட்டாம் வகுப்பைத் தொட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். விடைத்தாள்கள் நூலால் கட்டப்பட்டிருக்கும். நூல் சீக்கிரம் மக்காது, கிளறும்போது கம்பியில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒருத்தர் ஒவ்வொரு தாளிலிருந்தும் நூலை உருவிவிட்டுக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் கிழிக்க வேண்டும். நூல் உருவும் வேலையை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா என்பது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர். போன முழுப்பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டாள். கணக்கில் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்பது எங்கள் பள்ளியின் விதி. அவளுக்கு ஒரு வருஷம் இளைய தங்கை இருந்தாள். அக்கா நின்றாள், தங்கை மேலே வந்தாள், இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தங்கை பழக்கத்தில் அக்கா என்று கூப்பிட, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே பெயராகிவிட்டது. முன்பெல்லாம் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்கிற பெண் அவள். இந்த வருஷம் ஆஜர் சொல்வதோடு சரி.

அரை மணி நேரம் வேலை ஜரூராக நடந்தது. ஒன்பதாம் வகுப்பு வரலாறு முழுவதும் கந்தலாகித் தொட்டிக்குள் போயிற்று. அடுத்த கட்டைப் பிரித்தார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு. பத்துப் பன்னிரண்டு தாள் போயிருக்கும், வரிசை நின்றுவிட்டது.

"அக்கா, குடேன். எல்லாரும் சும்மா நிக்கிறாங்க" என்றாள் தங்கை.

அவள் கொடுக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"என்னம்மா, கதைப் புத்தகமா?"

"என்னோடது சார்" என்றாள். "எங்க தப்புப் பண்ணேன்னு பார்க்கலாம்னு பார்த்தேன். ஒரு தப்பும் போடல. ஒரு சரியும் போடல."

தாளை என்னிடம் நீட்டினாள். முதல் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் முப்பத்தொன்று என்று இருந்தது, வட்டம் போட்டு. உள்ளே எட்டுப் பக்கமும் அவளுடைய நீல மை மட்டும்தான். ஒரு சிவப்புக் கோடு, ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது.

அப்போதுதான் நான் சுவரைப் பிடித்து உட்கார்ந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்து ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மீதிக் கட்டைக் கைநீட்டி எடுத்தேன். அடுத்த தாளிலும் மேலே மதிப்பெண், உள்ளே ஒன்றுமில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். கட்டின் அடிவரை போனேன். கிழிக்கப் போயிருந்தவற்றைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கினேன். நல்லவேளை, வேலை நின்றதில் பெரும்பாலும் முழுசாகவே இருந்தன. முதல் பதினோரு தாள்களில் சிவப்பு மை கொட்டிக் கிடந்தது. 'அலகு எங்கே?', 'படி எழுதாமல் தாவாதே', 'படம்?' என்று என் மனைவியின் முத்து முத்தான எழுத்து. பன்னிரண்டாவது தாளில் மூன்றாம் கேள்வி வரை சிவப்பு இருந்தது. நான்காம் கேள்வியிலிருந்து இல்லை. பிறகு இருபத்தெட்டுத் தாள்களிலும் இல்லை.

"சார், இதைக் கிழிக்கணுமா?" என்றாள் அக்கா.

"வேணாம். குடு" என்றேன். கொடுத்துவிட்டாள். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், நான் தாள்களை அணைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அங்கே தனியாக உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. போன வருஷம் முழுப்பரீட்சை நேரத்தில் இதே அறையில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். குடல்வால் வெடித்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்தபோது மதிப்பெண் பட்டியலுக்குக் கெடு வந்தது. என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், அதனால் அவளுடைய பட்டியலை எப்போதும் நான்தான் எழுதுவேன். அன்றும் தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதினேன். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பெயரைப் பார்த்து மதிப்பெண் சொன்னாள். சிலருக்குக் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். சொன்னதும் தாளின் மேலே சிவப்புப் பேனாவால் என்னவோ எழுதினாள். மேலே இருக்கிற எண்ணைப் படிக்க ஒருத்தி ஏன் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தொன்று என்பதை எழுதியது என் கை. அடியில் சிவப்புக் கோடு போட்டதும் என் கைதான்.

அது மட்டுமா? பள்ளி திறந்த முதல் வாரம் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடு ஆசிரியர் அறை வாசலில் நின்று, பேப்பரை ஒருமுறை பார்க்க முடியுமா, பாப்பா நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள் என்று கேட்டார். என் மனைவி பதில் சொல்லாமல் நின்றாள். அவளைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான்தான் முந்திக்கொண்டு பேசினேன்.

"இவங்க ஒரு பேப்பரை நாலு தடவை பார்த்துட்டுத்தான் மார்க் போடுவாங்க. பக்கத்துல உக்காந்து பார்க்கிறவன் நான் சொல்றேன். பிள்ளைங்க ஆயிரம் சொல்லுங்க."

"சாரே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிவப்புப் பேனாவை எடுத்து அவளுடைய தாளைத் திருத்தினேன். எட்டாம் வகுப்புக் கணக்கு எனக்குத் தெரியாதா? நாலு தரம் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி.

பொய் சொல்லப் போவதில்லை, இரண்டாவது தொட்டியைப் பற்றி அப்போது நினைத்தேன். அதில் சூடு நன்றாக ஏறியிருந்தது, உள்ளே கையை விட்டால் வைத்திருக்க முடியாது. காகிதம் இருபது நாள்கூடத் தாங்காது. பதிவேட்டில் கழித்தாயிற்று என்று எழுதியும் ஆயிற்று. கேள்வி கேட்கக்கூடிய ஒரே பெண் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பத்து நிமிஷமாவது அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். பிறகு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். சமையலறை மேசையில் அக்காவின் தாளை வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நனைச்சுடுங்கன்னு சொன்னேன்ல" என்றாள்.

மறுப்பாள், ஏதோ ஒரு காரணம் இருக்கும், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று வழியெல்லாம் ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

"பதினோரு பேப்பர்தான் பார்த்தியா?"

"பன்னண்டாவதுல பாதி. அப்பதான் ஃபோன் வந்துச்சு, நீங்க விழுந்துட்டீங்கன்னு."

"அப்புறம் பார்த்திருக்கலாமே."

"எப்ப? கட்டைத் தூக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மடியில வச்சுக்கிட்டு அந்த இரும்பு நாற்காலில உக்காந்திருந்தேன். டாக்டர் வந்து ராத்திரி தாண்டினா பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போறாரு. நான் முக்கோணத்துக்குப் பரப்பளவு பார்க்கணுமா?"

"வேற யாருக்கிட்டயாவது குடுத்திருக்கலாம். நாலு நாள் டைம் கேட்டிருந்தா குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பாங்க?"

"குடுத்திருப்பாங்க." அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் எதுவும் இல்லை. "கேக்கல. பதினெட்டு வருஷமா ஒரு நாள் தள்ளிக் குடுத்ததில்லன்னு எனக்கொரு பேரு. நீங்க பொழைச்சு வீட்டுக்கு வந்ததுல பாதி பைத்தியமா இருந்தேன். அரைப்பரீட்சை மார்க்கை நினைவு வச்சு ரெண்டு கூட்டி ரெண்டு கொறைச்சுச் சொல்லிட்டேன். பெரிசா மாறிடாது, எனக்குத் தெரியாத பிள்ளைங்களான்னு ஒரு திமிரு."

"அப்ப இவளுக்கும் நாலு கூட்டிப் போட்டிருக்கலாமே. யாரு கேட்கப் போறாங்க?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாப்பது பேர்ல ஒருத்தர்கூடத் தவறலன்னா ஹெச்.எம். கட்டைக் கொண்டான்னு கேட்டிருப்பாங்க. ஒருத்தராவது வேணும். அரைப்பரீட்சையில இவதான் கடைசி, முப்பத்திமூணு. அதான் இவளைச் சொன்னேன். நீங்க எழுதினீங்க."

இதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். தெரியாமல் நடந்தது, அசதியில் நடந்தது என்று எதையாவது சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். பட்டியல் நிஜம்போல் தெரிய ஒரு பிள்ளை வேண்டியிருந்தது, அதனால் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவள். கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவள் தலை குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லாக் கத்துங்க" என்றாள் கடைசியில். "அந்தப் பிள்ளை பெஞ்சுல தங்கச்சிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறதைத் தினம் நான்தான் பார்க்கிறேன். யாராவது கத்த மாட்டாங்களான்னு ஆறு மாசமா இருக்கேன்."

நான் சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விடிந்து எழுந்து வந்தபோது அவள் சமையலறை மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் மொத்தக் கட்டும் பிரிந்து கிடந்தது. பன்னிரண்டாவது தாளில், நான்காம் கேள்வியிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். கடைசித் தாளில் இருந்தாள். கூட்டி முடித்து மேலே எழுதும்வரை நிமிரவில்லை.

"மூணு பேர் முப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்காங்க. மூணு பேரும் இப்ப ஒன்பதாவதுல" என்றாள். "அவ ஐம்பத்தாறு."

"ஐம்பத்தெட்டு. நாலு தடவை கூட்டினேன்."

"கூட்டினது சரிதான். ஆறாவது கணக்குல சதுர செண்டிமீட்டர்னு போடல, ஏழாவதுலயும் போடல. நீங்க கவனிக்கல. ஒண்ணு ஒண்ணு கொறைச்சிருக்கேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேசை ஓரத்தில் தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கக் கடிதம் இருந்தது. நடந்தது முழுவதும், பிறகு பெண்ணை உடனே ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டும், மூன்று பேரை எக்காரணம் கொண்டும் கீழே இறக்கக் கூடாது, தன்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று. பட்டியல் எழுதியதில் என் கணவருக்கு எதுவும் தெரியாது என்று ஒரு வரி. நான் பேனாவை எடுத்து அதற்குக் கீழே, பெண்ணின் தந்தை கேட்டபோது பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"முதல்ல அவ அப்பாகிட்ட சொல்லணும்" என்றாள். "ஹெச்.எம். அப்புறம்."

பஸ் நிலையத்தில் ஏழரை வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் வண்டியோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். பாப்பாவுக்கு ஏதாவதா என்றார். என் மனைவி தாளை அவர் கையில் கொடுத்துச் சொன்னாள். ஒரு சொல்லையும் மென்று முழுங்கவில்லை. நாற்பதில் ஒருத்தி வேண்டியிருந்தது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லியே தீர வேண்டுமா என்று நான் பதறினேன்.

அவர் தாளைப் புரட்டினார். கணக்கு அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் சிவப்பு மையில் சரி போட்டிருப்பதை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்ததும் என்னைப் பார்த்தார், அவளையல்ல.

"அன்னிக்கு உங்களைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனேன் சார். அப்பவும் நல்லாத்தான்பா எழுதினேன்னு நின்னா. சாரே பக்கத்துல உக்காந்து பார்த்திருக்காரு, நீ என்கிட்டயே பொய் சொல்றியான்னு அடிச்சிட்டேன். அதுக்கு முன்னாடி நான் அவமேல கை வச்சதில்ல சார். அன்னைலேருந்து என் வண்டில ஏற மாட்டா. தங்கச்சி ஏறுவா. இவ அடுத்த வண்டில வருவா."

கண்டக்டர் வந்து நேரமாகிவிட்டது என்றார். டிரைவர் தாளை நான்காக மடிக்கப் போனார், பிறகு மடிக்காமல் என் மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏறுங்க. எங்க தெரு வழியாத்தான் போகும். நீங்களே அவகிட்ட குடுங்க."

ஏறினோம். இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் இரண்டு பேரும் சீருடையில் நின்றார்கள். தங்கை ஓடிவந்து ஏறினாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். என் மனைவி இறங்கினாள், பின்னாலேயே நானும் இறங்கினேன்.

கணக்கு மிஸ்ஸைத் தன் தெருவில் பார்த்ததும் அந்தப் பெண் பயந்துபோய் ஓரடி பின்வாங்கினாள். என் மனைவி தாளை நீட்டினாள். அந்தப் பெண் தாளை வாங்கிப் புரட்டினாள். மேலே முப்பத்தொன்றை அடித்து, என்னுடைய ஐம்பத்தெட்டையும் அடித்து, ஐம்பத்தாறு என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு நேராக ஆறாம் கணக்குக்குப் போனாள்.

"சதுர செண்டிமீட்டர் போடல" என்றாள். "வெளிய வந்ததும் ஞாபகம் வந்துச்சு மிஸ்."

"தப்பு என்னுதும்மா" என்றாள் என் மனைவி. "உன் பேப்பரை நான் பார்க்கவே இல்ல. பார்க்காமலே போட்டேன்."

பின்னால் பஸ்ஸின் இன்ஜின் நின்றது. வண்டிக்குள் யாரோ, என்னப்பா ரிப்பேரா, வேலைக்குப் போக வேண்டாமா என்று சத்தம் போட்டார்கள். டிரைவர் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மகளுக்கு முன்னால் வந்து நின்றதும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்க" என்றார்.

அவள் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்பா."